எதிரி நாட்டு இளைஞருக்கு முதல் பரிசு

1958-ஆம் ஆண்டு, ஏப்ரல் மாதம். ரஷ்ய நாட்டின் தலைநகரம் மாஸ்கோ. அங்கே ஒரு பெரிய இசை மண்டபம். சுமார் 1,700 பேர் உட்காரலாம். அன்று இரவு ஓர் இடம்கூடக் காலி இல்லை. வெளியே தெருவிலும் கூட்டம்.

மேடையில் ஒரு பெரிய பியானோ. அதைச் சுற்றி வயலின், குழல், முரசு ஆகியவற்றோடு ஒரு பெரிய இசைக்குழு. பியானோவின் முன்னே ஓர் இளைஞர். வயது 23. ஆறடி நான்கு அங்குல உயரம். சுருட்டை முடி. நீண்ட விரல்கள்.

அவர் வாசித்து முடித்தார். மண்டபமே எழுந்து நின்றது. கைதட்டல் எட்டு நிமிடம் ஓயவில்லை. பலர் அழுதார்கள். அவருக்கே முதல் பரிசு வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள்.

நன்றாக வாசித்தவருக்குக் கைதட்டல் கிடைப்பது வழக்கம்தானே? இதில் என்ன புதுமை?

புதுமை இருக்கிறது. அந்த இளைஞர் ரஷ்யர் அல்ல. அமெரிக்கர். பெயர் வான் கிளைபர்ன். அந்த நாளில் அமெரிக்காவும் ரஷ்யாவும் பகை நாடுகள்.

சண்டை இல்லாத சண்டை

ரஷ்யா அப்போது தனி நாடாக இல்லை. சோவியத் ஒன்றியம் என்ற மிகப் பெரிய நாட்டின் ஒரு பகுதியாக இருந்தது. அந்த ஒன்றியம் 1991-இல் பிரிந்துவிட்டது.

சோவியத் ஒன்றியமும் அமெரிக்காவும் நேருக்கு நேர் போர் செய்யவில்லை. ஆனால் இரண்டும் அணுகுண்டுகளைச் செய்து குவித்தன. ஒன்றை ஒன்று நம்பவில்லை. இதற்குப் ‘பனிப்போர்’ என்று பெயர். யார் பெரியவர் என்பதில் எப்போதும் போட்டி.

1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் என்ற செயற்கைக் கோளை விண்ணில் விட்டது. உலகத்தில் அதுதான் முதல் செயற்கைக் கோள். அமெரிக்கா திகைத்துப் போனது.

அடுத்த ஆண்டே மாஸ்கோவில் ஓர் இசைப் போட்டி நடத்த ஏற்பாடு செய்தார்கள். சைக்கோவ்ஸ்கி என்பவர் ரஷ்யாவின் புகழ் பெற்ற இசை மேதை. போட்டிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். எல்லா நாட்டு இளைஞர்களும் வரலாம் என்று அறிவித்தார்கள். விஞ்ஞானத்தில் மட்டும் அல்ல, கலையிலும் நாங்களே முதல் என்று காட்ட வேண்டும். அதுதான் எண்ணம். முதல் பரிசு தங்கள் நாட்டுப் பிள்ளைக்கே கிடைக்கும் என்று அதிகாரிகள் நம்பினார்கள்.

அங்கேதான் இந்த அமெரிக்க இளைஞர் போய் உட்கார்ந்தார்.

பியானோ எப்படி ஒலிக்கிறது?

ஆர்மோனியம் பலரும் பார்த்த கருவி. ஒரு கையால் துருத்தியை அசைக்கிறோம். மறு கையால் கட்டைகளை அழுத்துகிறோம். உள்ளே போகும் காற்றுதான் ஒலியை எழுப்புகிறது. ஆர்மோனியத்தில் ஏறக்குறைய 40 கட்டைகள் இருக்கும்.

பியானோவிலும் கட்டைகள் உண்டு. மொத்தம் 88. வெள்ளை 52, கறுப்பு 36. ஆனால் பியானோவுக்குக் காற்று வேண்டாம். பெட்டியின் உள்ளே 200-க்கும் மேற்பட்ட கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சிறிய சுத்தியல். சுத்தியலின் நுனியில் கம்பளி ஒட்டியிருக்கும். விரலால் கட்டையை அழுத்தினால் சுத்தியல் எழும்பிக் கம்பியை அடிக்கும். உடனே கீழே இறங்கிவிடும். கம்பி அதிர்ந்து ஒலிக்கும். விரலை எடுத்தால் ஒலி நின்றுவிடும்.

மெல்லத் தொட்டால் மெல்லிய ஒலி. ஓங்கி அழுத்தினால் பெரிய ஒலி. ஒரே கட்டையில் முணுமுணுப்பும் வரும், இடி முழக்கமும் வரும். எல்லாம் விரலின் பக்குவம். இத்தாலி நாட்டில் சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்டோபோரி என்பவர் இந்தக் கருவியைச் செய்தார். மேடைக் கச்சேரியில் வைக்கும் பெரிய பியானோ சுமார் 9 அடி நீளம் இருக்கும். எடை சுமார் 500 கிலோ.

மேல்நாட்டு இசைக்குழுவில் 80 பேர், 100 பேர்கூட இருப்பார்கள். எல்லோரையும் நடத்துபவர் ஒருவர். அவர் கையில் ஒரு சிறிய குச்சி இருக்கும். அவர் எந்தக் கருவியும் வாசிப்பதில்லை. குச்சியை அசைத்து வேகத்தையும் ஏற்ற இறக்கத்தையும் காட்டுவார்.

ஒரு பியானோவும் முழு இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் இசைக்குக் ‘கன்செர்ட்டோ’ என்று பெயர். சில நேரம் பியானோ கேள்வி கேட்பது போல இருக்கும். குழு பதில் சொல்வது போல இருக்கும். சில நேரம் இரண்டும் மோதிக்கொள்ளும். அரை மணி, முக்கால் மணி நேரம் இது நடக்கும். பத்தாயிரக் கணக்கான சுரங்கள். எல்லாவற்றையும் இசை அமைத்தவர் எழுதி வைத்திருப்பார். பியானோ வாசிப்பவர் பெரும்பாலும் ஏட்டைப் பார்க்காமல், நினைவில் இருந்தே வாசிப்பார். ஒரு விரல் தவறினாலும் கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

தாய்தான் ஆசிரியை

வான் கிளைபர்ன் 1934-இல் பிறந்தார். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கில்கோர் என்ற சிற்றூரில் வளர்ந்தார். அது எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த ஊர். அப்பா ஓர் எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்தார். மகன் மருத்துவராக வேண்டும் என்பது அவர் ஆசை.

அம்மா ரில்டியா பீ. அவர் நன்றாகப் பியானோ வாசிப்பார். இளம் வயதில் மேடை ஏற ஆசைப்பட்டார். வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. அதனால் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வந்தார்.

ஒருநாள் ஒரு மாணவனுக்குப் பாடம் முடிந்தது. அம்மா உள்ளே வேலையாக இருந்தார். முன் அறையில் அதே பாட்டு மறுபடியும் கேட்டது. மாணவன் இன்னும் போகவில்லையா என்று வந்து பார்த்தார். பியானோ முன் உட்கார்ந்திருந்தது அவருடைய மகன். வயது மூன்று. மாணவன் வாசித்ததைக் கேட்டே அவன் பழகியிருந்தான்.

அன்றே பாடம் தொடங்கியது. 17 வயது வரை அம்மாதான் ஆசிரியை. தினமும் சாதகம். பாடம் நடக்கும்போது தான் அம்மா அல்ல என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவாராம். 12 வயதில் வான் மாநிலப் போட்டியில் வென்றார். ஹூஸ்டன் நகர இசைக்குழுவோடு மேடை ஏறினார். அன்று வாசித்தது சைக்கோவ்ஸ்கியின் முதல் பியானோ கன்செர்ட்டோ. பதினோரு ஆண்டுகள் கழித்து மாஸ்கோவில் வாசித்ததும் அதேதான்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். வானுக்கு ஐந்து வயது இருக்கும். ஒரு படப் புத்தகத்தில் மாஸ்கோ நகரின் தேவாலயம் ஒன்றைப் பார்த்தான். வண்ண வண்ணக் கோபுரங்கள். ஒவ்வொன்றும் வெங்காய வடிவம். என்னை அங்கே கூட்டிப் போங்கள் என்று அப்பா அம்மாவிடம் கேட்டான். 1958-இல் மாஸ்கோவில் இறங்கிய இரவே அந்தத் தேவாலயத்தைக் காட்டும்படி கேட்டு, பனியில் நின்று பார்த்தார்.

17 வயதில் வான் நியூயார்க் போனார். ஜூலியார்ட் என்ற இசைப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவருடைய ஆசிரியை ரோசினா லெவின். அவர் மாஸ்கோவிலேயே இசை படித்துத் தங்கப் பதக்கம் வாங்கியவர். பிறகு அமெரிக்காவில் குடியேறியவர். ஆக, ரஷ்ய இசையின் மரபு ஏற்கெனவே கடல் கடந்து வந்துவிட்டது. அமெரிக்கப் பிள்ளையின் விரலில் அது ஏறிவிட்டது.

1954-இல் அமெரிக்காவிலேயே ஒரு பெரிய பரிசு வானுக்குக் கிடைத்தது. சில காலம் நிறையக் கச்சேரிகள் வந்தன. பிறகு குறைந்துவிட்டன. கையில் பணம் இல்லை. கடன் இருந்தது. அந்த நேரத்தில்தான் மாஸ்கோ போட்டிக்குப் போ என்று ரோசினா லெவின் தூண்டினார். பயணச் செலவுக்கு ஓர் உதவி நிதி 1,000 டாலர் கொடுத்தது.

மாஸ்கோ மக்களின் ‘வான்யா’

போட்டியில் பல சுற்றுகள். முதல் சுற்றிலேயே மாஸ்கோ மக்களுக்கு இந்த நெட்டைப் பையனைப் பிடித்துவிட்டது. ரஷ்யாவில் ‘வான்யா’ என்பது செல்லப் பெயர். அவரை அப்படியே கூப்பிட்டார்கள். சீட்டு வாங்க வரிசையில் காத்துக் கிடந்தார்கள். பூக்களும் பரிசுகளும் வந்து குவிந்தன.

ஏன் இத்தனை அன்பு? எதிரி நாட்டவர்கள் கல் நெஞ்சக்காரர்கள் என்று இரண்டு பக்கத்திலும் சொல்லி வைத்திருந்தார்கள். ஆனால் மேடையில் உட்கார்ந்த பிள்ளை அப்படி இல்லை. பணிவாக இருந்தார். ரஷ்ய இசையை அவர்களைவிட உருக்கமாக வாசித்தார். கேட்டவர்கள் கண்ணையும் காதையும் நம்பினார்கள்.

இறுதிச் சுற்றில் இசைக்குழுவோடு வாசிக்க வேண்டும். குழுவை நடத்தியவர் கிரில் கோண்டிராஷின். கிளைபர்ன் முக்கியமாக இரண்டு கன்செர்ட்டோக்களை வாசித்தார். ஒன்று சைக்கோவ்ஸ்கி எழுதியது. மற்றொன்று ராக்மனினோவ் எழுதிய மூன்றாம் கன்செர்ட்டோ. பியானோ இசையிலேயே மிகக் கடினமான ஒன்று என்று அதைச் சொல்வார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இரண்டையும் எழுதியவர்கள் ரஷ்யர்கள். ஆனால் இரண்டும் முதன்முதலில் மேடையேறியது அமெரிக்காவில். சைக்கோவ்ஸ்கியின் இசையை அவருடைய மாஸ்கோ நண்பர் ஒருவரே மட்டமாகப் பேசிவிட்டார். அதனால் அது 1875-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அரங்கேறியது. ராக்மனினோவ் தன் இசையை 1909-இல் நியூயார்க்கில் தானே வாசித்தார். பின்னாளில் அவர் தாய்நாட்டை விட்டு வெளியேறினார். அமெரிக்காவிலேயே இறந்தார். இசைக்கு எல்லைக் கோடு போடுவது அத்தனை எளிது அல்ல.

நடுவர்களின் தயக்கம்

வாசிப்பு முடிந்தது. கைதட்டலும் முடிந்தது. இனி நடுவர்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

நடுவர்களில் பெரும்பாலோர் சோவியத் ஒன்றியத்தையும் அதன் நட்பு நாடுகளையும் சேர்ந்தவர்கள். தலைவர் எமில் கிலெல்ஸ். அவரே உலகப் புகழ் பெற்ற பியானோ கலைஞர். இன்னொரு நடுவர் ஸ்வியதோஸ்லாவ் ரிக்டர். அவரும் அப்படியே. ரிக்டர் கிளைபர்னுக்கு முழு மதிப்பெண் போட்டாராம். தமக்குப் பிடிக்காத பலருக்குச் சுழியம் போட்டாராம்.

யார் சிறந்தவர் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் பயம் இருந்தது. நாட்டின் பெருமைக்காக நடத்தும் போட்டி. அதில் எதிரி நாட்டவருக்கு முதல் பரிசு கொடுத்தால் மேலிடம் என்ன சொல்லும்? சில ஆண்டுகளுக்கு முன்புவரை அந்த நாட்டை ஆண்டவர் ஸ்டாலின். அவர் காலத்தில் இசை எழுதியவர்கள்கூட மேலிடத்துக்குப் பயந்து வாழ்ந்தார்கள். அந்தப் பயம் எளிதில் போகுமா?

விஷயம் அமைச்சர் வரை போனது. பிறகு நாட்டின் தலைவர் குருஷ்சேவிடம் போனது. இவர் 1955-இல் இந்தியாவுக்கு வந்தவர். நடுவர்கள் என்ன சொல்கிறார்கள், அவர்தான் சிறந்தவரா என்று குருஷ்சேவ் கேட்டார். ஆமாம் என்றார்கள். அப்படியானால் அவருக்கே பரிசு கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

இது நேர்மை மட்டும்தானா? இல்லை, கணக்கும் உண்டு. ஸ்டாலின் காலத்துக் கொடுமைகளை 1956-இல் கட்சிக்குள் வெளிப்படையாகப் பேசியவர் குருஷ்சேவ். தம் நாடு மாறிவிட்டது என்று உலகத்துக்குக் காட்ட அவருக்கும் ஒரு வழி தேவைப்பட்டது. பரிசு மாறிப் போயிருந்தால் உலகமே சிரித்திருக்கும். மக்கள் ஏற்கெனவே எழுந்து நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்களே! ஆனாலும் முதலில் துணிந்தது நடுவர்கள்தான். தங்கள் காது கேட்டதை அவர்கள் மறைக்கவில்லை. இன்னொருவரைக் காட்டித் தப்பிக்கவில்லை.

1958 ஏப்ரல் 14. இசை மேதை ஷோஸ்டகோவிச் மேடையில் பரிசைக் கொடுத்தார். தங்கப் பதக்கம், 25,000 ரூபிள் பணம். ஷோஸ்டகோவிச்சே ஒரு காலத்தில் ஸ்டாலின் அரசின் கோபத்துக்கு ஆளானவர். அவர் கையால் அமெரிக்கப் பிள்ளை பரிசு வாங்கினார்.

விருந்தில் குருஷ்சேவ் குள்ளமாக, பருமனாக நின்றார். பக்கத்தில் கிளைபர்ன் பனைமரம் போல நின்றார். ஏன் இவ்வளவு உயரம் என்று குருஷ்சேவ் கேட்டார். டெக்சாஸ்காரன் என்பதால்தான் என்றார் கிளைபர்ன்.

பரிசுக்குப் பிறகு

மே 20-ஆம் தேதி நியூயார்க் நகரில் கிளைபர்னுக்கு ஊர்வலம். தெருவின் இரு பக்கமும் சுமார் ஒரு லட்சம் பேர். மாடிகளில் இருந்து காகிதத் துண்டுகளை மழையாகக் கொட்டினார்கள். போர் வீரர்களுக்கும் நாட்டுத் தலைவர்களுக்கும் செய்யும் மரியாதை அது. ஒரு பியானோ கலைஞருக்கு அது கிடைத்தது. கோண்டிராஷினும் அமெரிக்கா வந்தார். இருவரும் சேர்ந்து அந்தச் சைக்கோவ்ஸ்கி இசையை இசைத்தட்டாகப் பதிவு செய்தார்கள். அது பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

ஆனால் பெரிய பரிசு ஒரு பாரமும்கூட. போன ஊரில் எல்லாம் மக்கள் அதே இசையைத்தான் கேட்டார்கள். இருபது ஆண்டுகள் அதையே திரும்பத் திரும்ப வாசித்தார். புதிதாக வளரவில்லை என்று விமர்சகர்கள் குறை சொன்னார்கள். அதில் உண்மையும் இருந்தது. 1978-க்குப் பிறகு கிளைபர்ன் பல ஆண்டுகள் மேடை ஏறவில்லை. அம்மாவோடு வாழ்ந்தார். அம்மா 97 வயது வரை இருந்தார்.

1987 டிசம்பரில் சோவியத் தலைவர் கோர்பசேவ் அமெரிக்கா வந்தார். அணு ஏவுகணைகளைக் குறைக்க ஒப்பந்தம் ஆனது. வெள்ளை மாளிகை விருந்தில் வாசிக்கக் கிளைபர்னை அழைத்தார்கள். கடைசியில் அவர் ஒரு ரஷ்யப் பாட்டை வாசித்தார். கோர்பசேவும் கூடவே பாடினார். கிளைபர்ன் 2013-இல், 78 வயதில் இறந்தார்.

மாஸ்கோ போட்டியில் இரண்டாம் பரிசை இருவர் பகிர்ந்து கொண்டார்கள். ஒருவர் சோவியத் நாட்டவர். மற்றவர் சீனாவைச் சேர்ந்த லியூ ஷிகுன். அவருக்கு அப்போது வயது 19. சீனாவில் 1966-இல் ‘கலாசாரப் புரட்சி’ தொடங்கியது. மேல்நாட்டு இசை குற்றம் ஆனது. லியூவைப் பல ஆண்டுகள் சிறையில் வைத்தார்கள். பியானோ வாசித்த கையை அடித்துக் காயப்படுத்தினார்கள். வெளியே வந்த பிறகு அவர் மீண்டும் வாசித்தார். அவருக்கு எந்தத் தெருவிலும் காகித மழை பெய்யவில்லை.

கிளைபர்ன் பெயரில் ஒரு போட்டி

1962-இல் டெக்சாஸ் மாநிலத்தின் போர்ட் வொர்த் நகரில் ஒரு பியானோ போட்டி தொடங்கினார்கள். கிளைபர்ன் பெயரையே அதற்கு வைத்தார்கள். அது இன்றும் நடக்கிறது. இளம் கலைஞர்கள் பல சுற்றுகள் வாசிக்கிறார்கள். இறுதியில் முழு இசைக்குழுவோடு வாசிக்க வேண்டும்.

2022 ஜூன் மாதம் அந்தப் போட்டி நடந்தது. அதற்கு நான்கு மாதம் முன்புதான் ரஷ்யா உக்ரைன் நாட்டின் மேல் படை எடுத்திருந்தது. ரஷ்யக் கலைஞர்களை மேடையில் ஏற்றக் கூடாது என்று பல நாடுகளில் பேச்சு எழுந்தது. போட்டியை நடத்தியவர்கள் யோசித்தார்கள். வாசிக்க வருகிற இளைஞர்கள் அரசு அதிகாரிகள் அல்ல என்று முடிவு செய்தார்கள். ரஷ்யர்களும் வந்தார்கள். உக்ரைன் நாட்டவரும் வந்தார்கள்.

இறுதிச் சுற்றில் குழுவை நடத்தியவர் ஒரு பெண். பெயர் மாரின் அல்சோப். முதல் பரிசு தென்கொரியாவைச் சேர்ந்த யுன்சான் லிம் என்பவருக்குக் கிடைத்தது. வயது 18. அந்தப் போட்டியில் இத்தனை சிறு வயதில் வேறு யாரும் தங்கப் பதக்கம் வாங்கியது இல்லை. பரிசுப் பணம் ஒரு லட்சம் டாலர்.

இரண்டாம் பரிசு ரஷ்யாவைச் சேர்ந்த அன்னா கெனியுஷேனே என்ற பெண்ணுக்கு. அப்போது அவர் கர்ப்பிணி. மூன்றாம் பரிசு உக்ரைனைச் சேர்ந்த திமித்ரோ சோனிக்கு. சண்டை போடும் இரண்டு நாடுகளின் பிள்ளைகளும் ஒரே மேடையில் பரிசு வாங்கினார்கள்.

இறுதிச் சுற்றில் லிம் வாசித்தது ராக்மனினோவின் மூன்றாம் கன்செர்ட்டோ. 1958-இல் மாஸ்கோ மேடையில் கிளைபர்ன் வாசித்த அதே இசை.